சீதனம் போக மிச்சம்

தீர்மானம் ஐந்து நிமிஷத்தில் நிறைவேறிற்று.
மரணசாதனம் எழுதுகிறவர்கள்
எங்கள் இசைக்குழுவுக்கும் ஒரு வரி எழுதட்டும் என்று
வயலின் பல்தசார் முன்மொழிந்தார்.
கைதட்டினார்கள். தேநீர் குடித்தார்கள்.
வீடு வீடாகப் போய்க் கேட்பது யார் என்றபோது
எல்லோரும் தத்தம் வாத்தியத்தில் சுருதி பார்த்தார்கள்.
பொருளாளர் நான். என்னிடம் சுருதி பார்க்க
பற்றுச்சீட்டுப் புத்தகம் மட்டும்தான்.

"நீங்கள் செத்தால்" என்று தொடங்க முடியாது.
கல்லடிப் பாலத்தைக் கடந்து முடிக்கும்வரை
"உங்களுக்குப் பிறகு" என்று சொல்லிப் பழகினேன்.
எதிர்க்காற்றில் சைக்கிள் ஒருபுறம், சொல் ஒருபுறம்.

நல்லரெத்தினம் அண்ணன் சிரித்தார்.
"பெரிய வீடு மூத்தவளுக்கு.
பக்கத்து வளவு இளையவளுக்கு.
உன்னிச்சைத் தண்ணி பாயுற ரெண்டு ஏக்கர்
நடுவிலாளுக்கு, அதுவும் போன வருஷம் முடிஞ்சுது.
உறுதியில எனக்குக் கிடக்கிறது சீவிய உரித்து.
சீவன் போனா அதுவும் போகும்.
மட்டக்களப்பு ஆம்பிளையிட்ட வந்து
மிச்சம் கேக்கிறியே, புள்ள?"

உண்மை. எங்கள் ஊரில்
மனிதர் சாகுமுன்னே சொத்து
கல்யாணம் முடித்துப் போய்விடுகிறது.
அந்த வாரம் என் ஏட்டில்
பெறுமதிப் பத்தியில் ஒரு கோடு.
பக்கத்தில், சிறிய எழுத்தில்: பிளேன்டீ மூன்று.

டச் பாருக்கு, முன்மொழிந்த பல்தசாரிடமே போனேன்.
"வயலினை எழுதித் தாருங்கள்."
முகம் மாறியது. "அது எனக்கு வேணுமே."
"உங்களுக்குப் பிறகு."
"பிறகும்தான்," என்றார்.

காத்தான்குடியில் ஆதம்பாவா நானா,
ஆர்மோனியத்தின் துருத்திக்குத் தோல் ஒட்டித் தருகிறவர்,
எனக்கு விளக்கம் சொல்லும் வேலையே வைக்கவில்லை.
"மூன்றில ஒன்றுக்குமேல எழுத ஏலா.
அதுக்குள்ள பார்ப்பம்."
கல்குலேட்டரைத் தட்டினார், அழித்தார், தட்டினார்.
"வாத்தியத்துக்கு எழுதமாட்டன்.
வாழைச்சேனையில இருந்து வாற புள்ளயளுக்கு
பஸ் காசு. அப்படிப் போடுங்க."
ஏன் என்று நான் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.
பிள்ளைகள் வந்து சேர்ந்தால்தானே பாட்டு.

இரவு பத்தரைக்கு நல்லரெத்தினம் அண்ணனின் போன்.
"யோசிச்சுப் பார்த்தன். மரண சகாய சங்கத்துக்கு
முப்பது வருஷமாக் கட்டின காசு கிடக்கு.
அது எவள்ட சீதனத்திலயும் போகல்ல.
எட்டுச் செலவில ஒலிபெருக்கி வேணாம்.
அந்தக் காசு உங்களுக்கு.
மகள்மாரிட்ட நீயே சொல்லு, எனக்குப் பயம்."
சொன்னேன். மூன்று பேரும் அழுதார்கள்.
பிறகு, ஒலிபெருக்கிக்காரன் நாளொன்றுக்கு
எவ்வளவு எடுப்பான் என்று
ஒருத்தி மட்டும் மெல்லக் கேட்டாள்.

நொத்தாரிசு எல்லாவற்றையும் வாசித்தார்.
கண்ணாடியைக் கழற்றினார்.
"உங்கட பேர் இதில இல்லையே?"

வீடுகளைத் தட்டித் திரிந்தவளுக்குத்
தன் வீடு ஞாபகம் வரவில்லை.
அம்மா எனக்கு எழுதிய வீடு.
எனக்குப் பெண்பிள்ளை இல்லை. மகன்மார் இருவரும்
மனைவிமார் வீட்டில் சுகமாக இருக்கிறார்கள்.
ஞாயிறு தோறும் என் முன்னறையில்தான் ஒத்திகை.
சுவரில் தபேலாக்காரரின் தலை எண்ணெய்த் தடம்;
இரண்டு முறை வெள்ளை அடித்தும் போகவில்லை.

"ஒரு அறையை மட்டும் எழுத ஏலுமா?"
"ஏலும்," என்றார். "வாசல் யாருக்கு?"

பதில் இல்லாமல் வெளியே வந்தேன்.
வரைபடம் வேண்டுமாம், நில அளவையாளர் வர வேண்டுமாம்.
வெயிலில் சைக்கிள் சீட் கொதித்தது.
நின்றபடியே ஏட்டைத் திறந்து
அளவையாளர் கூலி என்று எழுதினேன்,
கொடுத்தவர் என்ற இடத்தில்
முதல் தடவையாக என் பெயரை.