தோன்றா எழுவாய்

செகெட் நகரில் பனி உருகும் மார்ச்.
தீசா ஆறு கரையேறலாமா என்று
படிக்கட்டில் ஒவ்வொரு படியாகத் தொட்டுப் பார்க்கிறது.
மூன்றாம் மாடியில் இல்திகோ வாமோஷ்
ஓர் எஃகுக் குழாயை
முந்நூற்றைம்பது பாகையில் சுடவைத்துவிட்டுத்
திரையில் கோடு ஏறக் காத்திருக்கிறாள்.

மூன்று வருடம்.
சீரியம் ஆக்சைடு,
அவித்த முட்டைக்கருவை உதிர்த்தது போல் வெளிர்மஞ்சள்.
கரைத்து, படியவைத்து, வடித்து,
கழுவிய நீரில் உப்பின் தடம் ஓயும்வரை
கழுவிக் கழுவி
உலையில் ஆறு மணி நேரம்.
நாற்பது புட்டிகள் ஊமை.
நாற்பத்தொன்றாவது பேசியது.
உள்ளே போனது கரியமில வாயுவும் ஹைட்ரஜனும்,
வெளியே வந்தது மீத்தேன்
நூற்றுக்கு அறுபத்து மூன்று.
நிக்கல் துளியும் இல்லாமல்!
அந்த ஆச்சரியக்குறியைக் கட்டுரையில் வைக்க
இதழ் விடவில்லை.
அதை அவள்
தனக்கென்று வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை
பல்வலியோடு வந்தாள் டோர்கா.
பொடியை நிறுத்தாள்,
காகிதத்தைப் படகாக மடித்து அதில் கொட்டினாள்,
மூச்சை அடக்கி நடந்து,
குழாயைப் பூட்டினாள், வால்வைத் திறந்தாள்,
வாய் கொப்பளிக்கப் போனாள்.
மாலையில் கோடு வழக்கம்போல் ஏறி நின்றது.
அறுபத்தொன்று.
படகு மேசையில் இருந்தது.
படகில் பொடி இருந்தது.

இருவரும் சிரித்தார்கள்.
ஒருத்தி முதலில் நிறுத்தினாள்.

அன்றிரவு கடைசி டிராமும் போன பிறகு
இல்திகோ குழாயை மாற்றினாள்.
எஃகுக்குப் பதில் குவார்ட்சு,
உள்ளே தன் மஞ்சள் பொடி, இம்முறை மறக்காமல்.
அதே வாயு. அதே சூடு.
விடியும்வரை பார்த்தாள்.
இரண்டு.
நூற்றுக்கு இரண்டு.

காலையில் பட்டறைக்குப் போய்
பழைய குழாயை நீளவாக்கில் அறுக்கச் சொன்னாள்.
கெல்லேர்ட் ஏன் என்று கேட்கவில்லை;
ரம்பத்துக்கு எண்ணெய் விட்டான்.
நெற்றுப் போல் பிளந்தது.
உள்சுவரில் பாலாடையிலும் மெல்லிய
கருஞ்சாம்பல் படலம்.
அவளுக்கு முன் யாரோ
எந்த வருடமோ
இதே குழாயில் நிக்கலைக் காய்ச்சியிருக்கிறார்கள்.
வாயு அதைக் களவாடிப் போய்ச்
சுவரில் பூசிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கிறது.
குழாயின் வெளியே ஏழு என்று ஓர் ஒட்டுத்தாள்.
பெயர் இல்லை.

முடியாத வினைக்கு எச்சம் என்று பெயர்.
குழாயில் ஒட்டிக் கிடப்பதற்கும் அதே பெயர்தான்,
கிளையிலிருந்து பறவை இடுவதற்கும்.
வினை நடந்தது பொய்யல்ல.
மீத்தேன் பொய்யல்ல, கோடு பொய்யல்ல.
வாக்கியம் முழுவதும் சரி,
எழுவாய் மட்டும்
வாக்கியத்துக்குள் இல்லை.
அந்த இடத்தில்
மூன்று வருடமாக ஒரு மஞ்சள் பொடி
மாலை வாங்கிக்கொண்டிருந்தது.

இதழுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள்.
"பிழை நேர்ந்ததாகக் கண்டறியப்பட்டுள்ளது."
யாரால்? அடித்தாள்.
"கருவியின் முந்தைய பயன்பாடு காரணமாக..."
பாவம் கருவி. அடித்தாள்.
டோர்கா வீங்கிய கன்னத்தோடு எட்டிப் பார்த்து
என் மறதியையும் எழுதலாம் என்றாள்.
அதற்கு நன்றி சொல்ல வேண்டிய பகுதி
கடைசியில் வரும் என்றாள் இல்திகோ.

ஆங்கிலத்தில் எழுதுவதற்கு முன்
ஓரத்தில் தன் மொழியில் ஒரே சொல்:
தேவெத்தெம்.
தவறினேன்.
அங்கேயும் இங்கே போலத்தான்,
நான் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை,
வினையின் வாலிலேயே ஆள் தெரியும்.

அனுப்பியபின் வெகுநேரம்
எதையும் சுட வைக்கவில்லை.
நாற்பத்தொரு புட்டிகளையும் இழுப்பறையில் படுக்கவைத்தாள்.
எறியவில்லை. ஏனென்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கெல்லேர்ட்
அறுத்த பாதியைப் பேனா வைக்கக் கேட்டு வந்தான்.
ஒரு பாதி கொடுத்தாள்.
மற்றதில் விரல்நகம் அளவு வெட்டித்
தராசில் வைத்து,
முள் நிலைக்கும்வரை கையை எடுத்துக்கொண்டு,
புதுக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதினாள்:
குழாய் ஏழு. சுவர்த் துண்டு.
பூச்சியம் புள்ளி எட்டு நான்கு கிராம்.
செய்தது யார் என்பதற்கு எதிரே
கொஞ்சம் இடம் விட்டாள்.