பன்னிரண்டில் ஒன்று

இந்த எஞ்சினுக்குப் பிஸ்டன் கிடையாது.
ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுமே,
அதுபோல் ஒரு முக்கோணம்
இடுப்பு ஒடுங்கிய பெட்டிக்குள் சுற்றும்.
அப்படி இரண்டு.
மூலைக்கு மூலை சீல், சீலுக்கு அடியில் ஸ்பிரிங்,
சட்டைப் பொத்தான் அகலம்,
ஊதினால் பறக்கும்.
மொத்தம் பன்னிரண்டு வேண்டும்.
என்னிடம் பதினொன்று இருக்கிறது.

மாஸ்டா. எழுபத்துமூன்றாம் வருஷத்து வண்டி,
என்னைவிட எட்டு வயது மூப்பு.
புயலுக்குப் பிறகு போன்ஸே நகரமே
மூன்று மாதம் இருட்டில் கிடந்தபோது
என் ஜெனரேட்டரைக் கொடுத்து இதை வாங்கினேன்.
தங்கை ஒரு வாரம் பேசவில்லை.
உருகிப்போன ஃப்ரிட்ஜில் துணி மடித்து வைத்தேன்.
ராத்திரியில் மெழுகுவர்த்தியோடு போய்
பானெட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்,
தொட்டிலை எட்டிப் பார்ப்பவள்போல்.

ரோட்டர் பெட்டி பிரிஸ்பேனிலிருந்து வந்தது,
ஆட்டு ரோமம் ஒட்டிய சாக்கில்.
கார்புரேட்டர் சாமான் ஒஸாகாவிலிருந்து,
வாஷர் ஒவ்வொன்றுக்கும் தனி உறை,
கல்யாணப் பத்திரிகை மடிப்பு.
ஓஹாயோக்காரர் ஒருவர்
'வெளிநாட்டுக்கு அனுப்புவதில்லை' என்று எழுதினார்.
உங்கள் தபால்தலைதான் எங்களுக்கும் என்றேன்.
நடுவில் கடல் இருக்கிறதே என்றார்.
இருக்கிறது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

ஞாயிறு மதியம்.
முற்றத்து மேஜையில் வெள்ளைத் துணி விரித்து,
ஆஸ்பத்திரி வாசலினைத் தடவி,
சீல்களை ஒவ்வொன்றாகக் குடியேற்றிக்கொண்டிருந்தேன்.
ஒன்று துள்ளியது.
விழுந்த சத்தம்கூட வரவில்லை.
நேரம் பார்த்து
டான் எலாதியோவின் சேவல், பெயர் பிஷப்,
வேலிக்கு இந்தப் பக்கம் நின்று
எதையோ விழுங்கிவிட்டு
தலை சாய்த்து என்னைப் பார்த்தது.

செருப்படியில் தேடினேன்.
கூந்தலை உதறினேன். புல்லைச் சீப்பால் வாரினேன்.
"உங்கள் சேவல் தின்றுவிட்டது."
"பிஷப் சோளம் தவிர எதையும் தொடாது."
"அறுத்துப் பார்த்துவிடலாமா?"
அறைந்து சாத்திய கதவு
மறுநாளும் திறக்கவில்லை.

செவ்வாய் இரவு என் ஷிஃப்ட்.
எக்ஸ்ரே அறையின் பின்வாசலில்
வாழைப்பழப் பெட்டியோடு
இஸ்திரி போட்ட சட்டையில் அவரே வந்து நின்றார்.
"வலிக்காதே?"
கணினி வருமுன் இருந்த பழைய மெஷின்,
யாரும் கணக்கெடுக்காத பிலிம்.
ஈயக் கவசத்தை அவருக்கு மாட்டினேன்.
மூச்சைப் பிடி என்றால் பிஷப் பிடிக்குமா?
இரண்டு படம் மங்கல். மூன்றாவதில் நின்றது.

வெளிச்சப் பலகையில் மாட்டினோம்.
துளையிடாத புல்லாங்குழல்கள்போல் எலும்புகள்.
தொடையில் ஒரு முறிவு,
கோணலாய்த் தானே கூடியது.
"அகுவாடாவில். அன்றைக்கு ஜெயித்துவிட்டான் என்று
தோளில் தூக்கிக்கொண்டு ஆடினேன்," என்றார்.
பிறகு பேசவில்லை.
அரைவைப்பையில் கற்கள், ஒரு குண்டூசி,
வட்டமாய் ஒன்று. மூச்சு நின்றது எனக்கு.
பொத்தான்.
நான்கு துளை.

பன்னிரண்டாவது
நாற்பது நாள் கழித்துப் பெர்த்திலிருந்து வந்தது.
கூடவே இரண்டு உபரி.
முகம் தெரியாத கை ஒன்று சீட்டில் எழுதியிருந்தது:
துள்ளும். தெரியும்.

சனிக்கிழமை சாவியைத் திருப்பினேன்.
இருமியது. நீலமாய்ப் புகைந்தது.
பெரிய சட்டியில் பட்டாணி பொரிவதுபோல்
ஒரு சத்தம் பிடித்துக்கொண்டது.
தங்கை ஜன்னலைத் திறந்தாள், காதைப் பொத்திக்கொண்டு,
ஆனால் திறந்தாள்.
பிஷப் கூரையேறிப் பதில் சொன்னது.

இடது பின்பக்கச் சின்னக் கண்ணாடி
இன்னும் அகப்படவில்லை.
ஒருவரிடம் இருக்கிறதாம். அனுப்ப மாட்டாராம்.
அதுவரை அந்த ஓட்டையில்
பிஷப்பின் படத்தை ஒட்டியிருக்கிறேன்;
யோசனை எலாதியோவுடையது.
குவானிகா சாலையில் திரும்பும்போது
வெயில் அதன் வழியே இறங்கிவர,
பின் சீட்டில்
ஒரு விலாக்கூடு
ஆடாமல் உட்கார்ந்து வருகிறது.