இடது கால், ஒன்று

மஸ்கட்டில் என் வேலை தூக்கிப் போவது.
அறுவை அரங்கிலிருந்து ஆய்வகம் வரை
நூற்றிருபது தப்படி, ஒரு லிஃப்ட்.
ஃபார்மலின் வாளியின் மூடியை அழுத்திப் பார்ப்பேன்.
பெயர், எண், எந்தப் பக்கம்,
பதிவேட்டில் கையெழுத்து.

குடல் ஒரு முழம் வரும்,
மேல்முனையில் கறுப்பு நூல் முடிச்சோடு.
மார்பு முழுதாக வருவது இப்போது குறைந்துவிட்டது;
கட்டியும் சுற்றிலும் கொஞ்சம் சதையும் மட்டும்.
கூடவே, அக்குளிலிருந்து
நீலச் சாயம் குடித்த ஒரு கணு, தனிச் சிமிழில்.
தைராய்டை வண்ணத்துப்பூச்சி என்கிறார் பயிற்சி மருத்துவர்.
எனக்கு அது ஊறவைத்த புளி.
ஒருநாள் ஒருவரின் குரல்வளை வந்தது.
அன்று லிஃப்டில் யாரோடும் நான் பேசவில்லை.

எல்லாம் கையில் அடங்கும்.
காலுக்குத்தான் தள்ளுவண்டி.

காசிலிங்கம், நாற்பத்தொன்று, சாயல்குடிப் பக்கம்,
சாரம் கட்டுகிறவர்.
தொடைக்குள் வளர்ந்ததைச் சுளுக்கு என்று
ஒன்பது மாதம்
கேம்ப் கடைத் தைலத்தால் தேய்த்திருக்கிறார்.
எலும்பை எடுத்துவிட்டு உலோகம் வைக்கலாமென்றுதான்
முதலில் நினைத்தாராம் டாக்டர் ஷம்சா.
அவர் அரபியில் சொல்ல, நர்ஸ் மலையாளத்தில் சொல்ல,
நான் தமிழில் சொன்னேன்:
'ரத்தக்குழாயையும் நரம்பையும் சுத்திக்கிச்சாம்ண்ணே.
காலைக் காப்பாத்தினா ஆளைக் காப்பாத்த முடியாதாம்.'

அவர் கேட்ட முதல் கேள்வி:
'அப்ப விசா கேன்சலா?'

இரண்டாவதைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் கேட்டார்.
அகற்றிய உறுப்பை என்ன செய்வார்கள்?
'புதைப்பாங்க, அமராத் மலைக்கு அந்தப் பக்கம்.'
'எங்களுக்கு எரிக்கிறதுல்ல வழக்கம்?'
கொஞ்சம் யோசித்தார்.
'சரி, புதைக்கட்டும். மிச்சத்த ஊர்ல பாத்துக்கலாம்.'
சிரித்தது அவர் ஒருவர்தான்.

மறுநாள் காலை பேனாவின் மூடியைத் திறந்து
'எந்தக் கால், நீங்களே சொல்லுங்கள்' என்று டாக்டர் கேட்டபோது
அவர் வாய் திறக்கவில்லை.
விரலால் தொட்டுக் காட்டினார்.
தொடையில் அம்புக்குறி போட்டார்கள்.
மை காயும்வரை குனிந்து ஊதிக்கொண்டிருந்தார்,
சூடான டீயை ஊதுவதுபோல.

நான் நினைத்ததைவிடக் கனம்.
பச்சைத் துணிக்குள் பாதம் ஒருக்களித்துக் கிடந்தது.
குதிகாலில் பூட்ஸ் கடித்த தழும்பு,
முதல் வருடத் தழும்பு. எனக்கும் உண்டு.

அறிக்கை வந்தது: ஓரங்கள் சுத்தம்.
அதற்கும் தமிழ் என்னிடம்தான் கேட்டார்.
'விட்டுப்போனது எதுவும் இல்லைன்னு அர்த்தம்ண்ணே.'
சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் பெட்டியில் ஒரு ஜோடி பாதுகாப்பு பூட்ஸ்,
ஒன்பதாம் நம்பர், கம்பெனி கொடுத்த புதுசு.
வலதை மட்டும் எடுத்துக்கொண்டார்.
சக்கர நாற்காலியில் விமானம் ஏறினார்.
விசா ரத்து, முத்திரை, எல்லாம் முறைப்படி.
கால் மட்டும் இங்கேயே இருக்கிறது
எந்தக் காகிதமும் இல்லாமல்.

ஜூன். பகலில் நாற்பத்தேழு.
ராத்திரி பதினொன்றுக்கு அவரிடமிருந்து போன்.
'தம்பி, கால் எரியுது.
இருக்கிற காலைச் சொல்லல. அந்தக் கால்.
நரம்புக்கு இன்னும் தெரியலையாம், மாத்திரை தந்திருக்காங்க.
அதெல்லாம் வெளங்குது.
ஆனா நீ சொல்லு,
குழிய ஆழமாத்தான தோண்டுனாங்க?'

'ஆழம்தாண்ணே. இடுப்பளவு இருக்கும்.
நான் பக்கத்துலதான் நின்னேன்.'

அன்றைக்கு நான் போகவே இல்லை.
ஹமூத்தின் வண்டியில் ஏற்றிவிட்டு
பதிவேட்டில் 'இடது கால், ஒன்று' என்று எழுதினேன்.
மேலே ஒரு சிறுநீரகம் காத்திருந்தது.