ரெண்டு பக்கமும்

கொட்டாஞ்சேனை கிளினிக்.
கேள்வித்தாளை இவர்தான் வாசித்தார்.
"கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா?"
"ஓம், நல்லாச் சிரிப்பா."
புள்ளடியும் இவரே போட்டார்.

மிஸ் நிமிர்ந்து பார்த்தா.
"தம்பி, பிள்ளையின்ர கார்டை
போட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு வாங்கோ.
ரெண்டு பக்கமும்."

அவர் படியிறங்கியதும்
புதுத்தாள் ஒன்று என் பக்கம் வந்தது.
மடியில் மகள் வீரிட்டாள்.
யாருடைய பிள்ளையோ என்று
கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பது வரைக்கும் பென்சில் ஓடியது.
பத்தில் நின்றது.
ஐந்தாம் மாடி பல்கனிக் கதவை
உடுப்புக் கொடிக்கயிற்றால்
நானே இறுக்கிக் கட்டி வைத்திருப்பதை
எந்தக் கட்டத்துக்குள் எழுத?

மிஸ் கதிரையை இழுத்துக் கிட்ட வந்தா.
"ஆறுதலாச் சொல்லுங்கோ.
கொப்பிக் கடையில
இந்த நேரம் சரியான சனம்."