முப்பத்தொன்று

கர்னல் என்றால் மீசை வைத்த பட்டாளத்தான் இல்லை.
இயங்குதளத்தின் நடுவில் இருக்கும் பருப்பு.
ஓட்டை உடைத்து எட்டிப் பார்க்க முடியாது.
கேட்கலாம்.
கேட்ட அளவுக்குச் சொல்லும்.

புன்தா அரெனாஸ், ஜூன்.
காலை பத்து வரை விடியாத ஊர்.
துறைமுக அலுவலகத்தின் பின்னறையில்
யாஸ்னா மிஹோவிலோவிச்சின் மாத்தே ஆறிக்கொண்டிருக்கிறது.
திங்களன்று ஜெனரேட்டர் மாற்றுகிறார்கள்.
நீரிணையின் ஏற்ற இறக்கத்தை அளக்கும் எந்திரம்
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நாளாகக்
கண் மூடவில்லை.
மூடப்போகிறது.
அதற்கு முன் ஒரு கணக்கெடுப்பு.

உள்ளே யார் யார்?

பெயர், எடை,
எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று ஓர் எண்.
வலையட்டை. ஒலியட்டை.
இந்த அறையில் ஒருவரும் செருகியிராத ஜாய்ஸ்டிக்.
கடைசியில், மரேயா.
இருபதாயிரத்து நானூற்றெண்பது பைட்.
பிடித்திருப்பவர்: ஒன்று.
பெயர் போடவில்லை.

எந்த முகவரியில் இருக்கிறாய்?
சாதாரணக் கணக்கிலிருந்து கேட்டதால்
எல்லாருக்கும் ஒரே பதில், பதினாறு பூஜ்யம்.
ரூட்டாக மாறி வந்தாள்.
அதே வாய் மடமடவென்று ஒப்பித்தது.

மரேயாவின் பக்கத்தில் ஒரு குறி:
இது வெளியிலிருந்து வந்தது, நம் வீட்டுப் பிள்ளை இல்லை.
இதை ஏற்றிய நாளிலிருந்து நான் கறைபட்டவன் என்கிறது கர்னல்.
கோபமில்லை.
குறித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

வட்டில் கிடந்த கோப்பைக் கேட்டாள்.
ஆசிரியர்: எ. பாரியா ஓயார்சூன்.
விவரம்: அலைமானி.
மாற்றக்கூடிய மதிப்புகள்: எதுவுமில்லை.

ஓடிக்கொண்டிருப்பதைக் கேட்டாள்.
மாற்றக்கூடிய மதிப்பு: ஒன்று உண்டு.
அதன் பெயர் திருத்தம்.
அளவு, முப்பத்தொன்று.

இரண்டின் கைரேகையையும் அடுத்தடுத்து வைத்தாள்.
பொருந்தவில்லை.
சான்றிதழ் ஒருவருடையது, ஆள் வேறு.
ஏதோ ஒரு மேம்பாட்டில் கோப்பு மாறிவிட்டிருக்கிறது.
முன்பே உள்ளே ஏறியது
ஏறியபடியே நின்றுவிட்டது,
கடல் சொன்ன ஒவ்வொரு எண்ணோடும்
முப்பத்தொரு மில்லிமீட்டர் கூட்டிக்கொண்டு.

பாரியா இப்போது வல்பராய்சோவில்
படகுகளுக்கு ரேடார் விற்கிறார்.
"நானா? முப்பத்தொன்றா?"
போனில் கொஞ்ச நேரம் கடற்பறவைச் சத்தம்.
"குளிர் காலம். அது மட்டும் ஞாபகம்."

படகுத்துறையில் நிபால்தோ விளக்குப் பிடித்தான்.
நண்டுப் படகுகளுக்குக் காவல் இருப்பவன்.
அலைமானியின் தாங்குசட்டம்
லேசாக, பணிவாக, வளைந்திருந்தது.
"ஒரு படகு வந்து இடிச்சுது."
யாருடைய படகு?
"பேரு வேண்டாம்."
கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றினான்.
"மச்சான் படகு."

அளந்தாள். இருபத்தொன்பது.
மறுபடி அளந்தாள். இருபத்தொன்பது.
விரல் மரத்த பிறகு மூன்றாம் முறை,
முப்பது.
முப்பத்தொன்று வரவே இல்லை.

எண்ணைத் தாளில் எடுத்துவிடலாம்.
உள்ளே ஓடுவதை எடுக்க
அவளுக்கு வழி தெரியவில்லை.
இரவு முழுக்க அந்தக் கோப்பைத் திருத்தினாள்.
திருத்தம் என்ற மதிப்பை மறுபடி சேர்த்தாள்.
ஆசிரியர் பெயருக்குக் கீழே
தன் பெயரைச் சேர்க்கலாமா என்று யோசித்து
சேர்க்கவில்லை, பிறகு சேர்த்தாள்.

விவரம் என்ற இடத்தில் இருந்த
ஒற்றைச் சொல்லை அழித்துவிட்டு எழுதினாள்:
அலைமானி. சட்டம் வளைந்திருக்கிறது.
முன்பு 31 கூட்டினார்கள், நான் அளந்தது 29.
சந்தேகமிருந்தால் நிபால்தோவின் மச்சானைக் கேட்கவும்.

இனி யார் கேட்டாலும்
எந்திரம் இதைத்தான் சொல்லும்.

திங்கள், பதினொன்று ஐந்து.
விசிறி நின்றது.
அறைக்கு அப்படியொரு அமைதி உண்டென்று
அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.
பதினேழு நிமிடம்
திருத்தம் எதுவும் இல்லாமல்
நீரிணை ஏறிக்கொண்டிருந்தது.