நாலு விரல் தண்ணி

வேலை முடிந்ததென்று மெஷின்
மூன்று தரம் கூவியது.
கதவைத் திறந்தேன்.
அடியில் நாலு விரல் தண்ணி,
நேற்றைய சொதியின் மஞ்சளோடு.
மேலே ஒரு கறிவேப்பிலை
தோணி விட்டுக்கொண்டிருந்தது.

வெள்ளவத்தை, ஏழாம் மாடி, காலை ஆறே கால்.
கீழே பாணந்துறை ரயில் போகிறது.
ரொறன்ரோக்காரரின் கணக்குகளை
விடியும்வரை பார்த்துவிட்டு
நிமலரூபன் அறைக்குள் நித்திரை.

துவான் ரிஸ்மிக்குப் படம் அனுப்பினேன்.
கொம்பனித்தெருவில் கடை;
வியாழனுக்கு முதல் வர ஏலாதாம்.
பிறகு ஒரு குரல் பதிவு:
"மிஸ், முதல்ல பிளக்கைக் கழட்டுங்க.
தண்ணிய அள்ளுங்க.
ஃபில்டர இடப்பக்கம் திருப்புங்க.
அழ வேணாம்."
நான் அழவில்லை.
எனக்கு மூக்கும் அடைப்பு.

தேநீர்க் குவளையால் அள்ளினேன்,
இருபத்திரண்டு குவளை.
மிச்சத்தைப் பஞ்சு குடித்தது.
ஃபில்டரின் வலையில் வீட்டின் ஒரு கிழமை:
சூடை மீனின் முள்,
தேசிக்காய் விதை மூன்று,
யோகட் மூடியின் வெள்ளித்தாள்,
யாருடையதென்று சொல்ல முடியாத ஒரு முடி.
கழுவினேன், பூட்டினேன், போட்டேன்.
நாலு விரல் தண்ணி.

அடுத்தது பம்ப் என்றார்.
மூடியை நெம்பி
விளக்குமாற்று ஈர்க்கால் உள்ளே தடவினேன்.
விசிறி சுழன்றது.
அதற்குப் பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்தது
ஒரு கண்ணாடிச் சில்லு.
நீலம்.

இந்த நீலத்தை எனக்குத் தெரியும்.
மாசி மாதம், சீட்டுக் காசுக் கதையில்
மேசையில் உடைந்த கிளாஸ்.
எறியவில்லை, வைத்தேன் என்று
இன்றுவரை நான் சொல்லும் கிளாஸ்.
முழங்காலில் நின்று பொறுக்கியவன்
எல்லாச் சில்லும் வந்துவிட்டது என்றான்.
இதோ, ஒன்று வரவில்லை.
ஆறு மாதமாக எங்கள் கோப்பைகளுக்கு அடியில்
எங்கள் சோற்றுப் பருக்கைகளோடு.

எவ்வளவு வசதி!
எல்லாவற்றுக்கும் காரணம் கையில்.
அவனை எழுப்பிக் காட்ட
அறை வாசல்வரை போனேன்.
திரும்பி வந்து, சில்லை டிசுவில் சுற்றிவைத்து,
மெஷினை மறுபடி போட்டேன்.

நாலு விரல் தண்ணி.

சில்லு குற்றவாளி இல்லை.
அது பாவம், சும்மா இருந்திருக்கிறது.

"பேசின்ல ஒரு வாளி ஊத்திப் பாருங்க."
ஊற்றினேன். ஒரே இழுவையில் போனது.
"அப்ப ஹோஸ்தான் மிஸ்.
எங்கயோ நசிஞ்சிருக்கு."

பேசினுக்குக் கீழே
டோர்ச்சோடு குப்புறப் படுத்தேன்.
கேஸ் சிலிண்டர், இரண்டாவது.
வரிசையில் நின்ற அந்த வருடத்துக்குப் பிறகு
வீட்டில் எப்போதும் ஒன்று நிறைந்திருக்கவேண்டும் என்று
சண்டையில்லாமல் நாங்கள் ஒத்துக்கொண்ட விஷயம்.
போன கிழமை இடித்துத் தள்ளி வைத்தது நான்தான்.
அதன் இரும்பு விளிம்பு
சாம்பல் நிற ஹோஸின் கழுத்தில்.

உருட்டி எடுத்தேன்.
நசிந்த இடத்துக்கு வெந்நீர்த் துணி சுற்றி,
விரலால் நீவி நீவி வட்டமாக்கி,
பேசினின் அடிவரை உயர்த்தி வளைத்து
சணல் கயிற்றால் கட்டினேன்.
"தண்ணி முதல்ல ஏறணும் மிஸ், அதுக்குப் பொறகுதான் எறங்கணும்.
இல்லாட்டி பேசின்ட அழுக்கு
திரும்பி உள்ளுக்கு வரும்."

பொத்தானை அழுத்தினேன்.
முதலில் ஒரு விக்கல்.
பிறகு கடகடவென்று
சுவருக்குள் ஏழு மாடி இறங்கும் சத்தம்.

"என்ன சத்தம்?" அறைக்குள்ளிருந்து.
"தண்ணி போகுது."
"ஆ."
கட்டில் முனகியது, திரும்பிப் படுத்திருப்பான்.

சிலிண்டருக்கு இப்போது இடமில்லை.
ஹோலில், சோஃபாவுக்குப் பக்கத்தில்,
நேரத்துக்கு முதலே வந்துவிட்ட விருந்தாளி போல்
நிற்கிறது.
டிசுச் சுருளைக் குப்பையில் போடப் போய்
போடாமல்
அலுமாரிக்கு மேல் வைத்தேன்.

வியாழன் வரவேண்டாம் என்று ரிஸ்மிக்கு எழுதினேன்.
பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது,
பின்னாலேயே ஒரு நம்பர்:
ஐந்நூறு ரூபாய்க்கு ரீலோட் போட்டுவிடட்டாம்.