மூன்றாவது ஓட்டு

நாகையில் ஒன்று, தஞ்சையில் ஒன்று.
இரண்டு போதும் என்றார் நிதிப்பிரிவுக்காரர்.
இரண்டு பேர் மட்டும் உள்ள வீட்டில்
சண்டை வந்தால் யாரை நம்புவது என்றேன்.
அதனால் நீடாமங்கலத்தில்,
வெண்ணாறு மூன்றாகப் பிரியும் தலைப்புக்குப் பக்கத்தில்,
உரக்கடை மாடியில் ஒரு சின்னப் பெட்டி.
அதில் ஒரு விவசாயியின் பெயர்கூடக் கிடையாது.
யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்று
ஓட்டுப் போடுவது மட்டுமே அதன் வேலை.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி இரவு.
புயல் கரையேறவும் அதே இரவு.
இ-சேவை மையங்களில்
சிட்டாவையும் அடங்கலையும்
பனியனுக்குள் செருகிக்கொண்டு கூட்டம்.

பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கம்பி அறுந்தது,
கீவளூருக்கு இந்தப் பக்கம் எங்கோ, தென்னை விழுந்து.
தஞ்சை செத்துவிட்டது என்று நாகை நினைத்தது.
நாகை செத்துவிட்டது என்று தஞ்சை.
உரக்கடை மாடி தஞ்சைக்குக் கை தூக்கியது.
கை கிடைக்காத இயந்திரம்
ஏழு விநாடியில் தன்னைத் தானே அணைத்துக்கொள்ள வேண்டும்.
நான்தான் அப்படி எழுதியிருந்தேன்.

"மேடம், ஜெனரேட்டர் ஓடுது, லைட்டெல்லாம் பச்சை,
இது உசுரோடதான் இருந்துச்சு"
விட்டு விட்டுக் கேட்டது ஹாஜா மைதீன் குரல்.
தெரியும். அதனால்தான்.
உசுரோடு இருக்கிற இரண்டு பேர்
ஒரே வயலுக்கு இரண்டு பட்டா எழுதினால்?

விடிவதற்குள் கடல்
அலமாரியின் மூன்றாம் தட்டுவரை ஏறி இறங்கியிருந்தது.
ஒரு பதிவும் சிந்தவில்லை என்று
அறிக்கை அனுப்பினேன். பாராட்டினார்கள்.

பத்து நாள் கழித்து
திருமருகலிலிருந்து செங்கமலம் வந்தார்.
புல எண் 114/2பி. ஒரு ஏக்கர் இருபது சென்ட்.
மடிப்பில் மை கலங்கிய ரசீது:
பதினொன்று நாற்பத்திரண்டு, நான்கு விநாடி.
தஞ்சையில் தேடினேன்.
அவர் சொன்னதை நாகை மட்டும் கேட்டிருக்கிறது.
"ரசீது இருக்கே" என்றார்.
இருக்கிறது. காகிதத்தில் இருக்கிறது.

தஞ்சை 'வந்து சேர்ந்தது' என்ற பிறகே ரசீது கொடு.
ஒரே ஒரு வரி அது.
வேகம் குறையுது என்றார்கள், எடுத்துவிட்டேன்.
பன்னிரண்டு மில்லிவிநாடி.
கண் இமைக்கக்கூடப் போதாது.

காப்பீட்டுக் கம்பெனிக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று.
வரியைத் திரும்ப எழுதியாயிற்று.

இப்போது தை. கொள்முதல் பதிவு.
ஹாஜா மைதீன் கூப்பிடுகிறார்:
"சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கு மேடம்,
வரிசையில திட்டுறாங்க."

சுத்தட்டும்.
தஞ்சை வாயைத் திறக்கும்வரை
சுத்தட்டும்.